குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே

மோட்டார் வைண்டிங் கடையில் 6205 என்று சொன்னால் போதும், வேறு விவரம் கேட்க மாட்டார்கள். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. உள்ளே ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் விட்டத்தில் 9 எஃகுக் குண்டுகள். சிறிய மோட்டார்களில் அடிக்கடி கண்ணில் படும் பால் பேரிங் இது. இதன் மேல் 40 கிலோ சுமையை ஏற்றி, நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடவிட்டால், உராய்வுக்கு இது எடுத்துக்கொள்வது 2 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். உராய்வுக் குணகமாகச் சொன்னால் 0.0015. எண்ணெய் இல்லாமல் எஃகை எஃகின் மேல் இழுத்தால் வருவதில் சில நூறில் ஒரு பங்கு.

உருள்வதால் உராய்வு குறைகிறது என்று பள்ளிப் பாடம் இதை முடித்துவிடும். பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான். குண்டும், அது உருளும் வளையமான ரேஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உருள்கின்றனவா, தொடாமல் உருள்கின்றனவா? தொடவில்லை என்றால் அத்தனை சுமையையும் நடுவில் தாங்குவது எது? எண்ணெய்தான் தாங்குகிறது என்று சொல்வது எளிது. அதைக் கணக்குப் போட்டுக் காட்ட பொறியியலாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

முதலில் சுமை. 9 குண்டுகள் இருந்தாலும் எல்லாமே சமமாகச் சுமப்பதில்லை. சுமைக்கு நேர் கீழே வரும் குண்டுக்குத்தான் பெரும் பங்கு. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1901இல் தந்த விதி இன்றும் உதவுகிறது: மொத்தச் சுமையைக் குண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து ஐந்தால் பெருக்கு. நம் பேரிங்கில் அது 20 கிலோவைச் சற்றே தாண்டும். ஒரு குண்டின் மேல் 20 கிலோ என்பது பெரிய சுமையாகத் தோன்றாது. ஆனால் அது இறங்கும் இடத்தைப் பாருங்கள். உள் ரேஸின் பள்ளத்தில் குண்டு அமரும் இடம் ஒரு நீள்வட்டம். குறுக்கே ஒன்றரை மில்லிமீட்டர், உருளும் திசையில் 0.16 மில்லிமீட்டர். பேனாவால் போட்ட ஒரு சிறு கோட்டின் அளவுகூட இல்லை. அதன் நடுவில் அழுத்தம் சுமார் ஒன்றரை கிகா பாஸ்கல், அதாவது 15,000 வளிமண்டல அழுத்தம். பசிபிக் கடலின் மரியானா அகழியில், ஆழத்தின் ஆழத்தில், இருப்பது 1,100 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டித்தான். வீட்டுக் கொல்லையில் ஓடும் மோட்டாருக்குள் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் இருக்கிறது.

இவ்வளவு நெருக்கினால் எண்ணெய் பிதுங்கி வெளியே போய்விட வேண்டாமா?

சாதாரண புஷ் பேரிங்குகளில், அதாவது குண்டே இல்லாமல் ஷாஃப்ட் நேரடியாக ஒரு புஷ்ஷுக்குள் சுற்றும் வகையில், இந்தக் கேள்விக்கு 1880களிலேயே விடை கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வழிந்தது. கார்க் வைத்து அடைத்தார், கார்க்கைத் தள்ளியது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளியது. பிறகு அழுத்தமானி பொருத்திப் பார்த்தபோதுதான், சுற்றும் ஷாஃப்ட்டே எண்ணெயை ஒடுங்கும் இடுக்குக்குள் இழுத்துச் சென்று அழுத்தத்தை எழுப்பித் தன்னைத்தானே தூக்கிக்கொள்கிறது என்று தெரிந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் அதற்குச் சமன்பாடு எழுதினார். எண்ணெய்ப் படலம் பற்றிய கணக்கு எதுவானாலும் இன்றும் அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்கும்.

1916இல் எச். எம். மார்ட்டின் என்பவர் அதே சமன்பாட்டைப் பற்சக்கரங்களுக்குப் போட்டுப் பார்த்தார். பற்சக்கரத்தின் பல்லும் பேரிங்கின் குண்டும் ஒரே இனம்; இரண்டு குவிந்த பரப்புகள் மிகச் சிறிய இடத்தில் சந்திப்பவை. விடை உதவாத விடையாக வந்தது. அவர் முறையில் நம் 6205க்குக் கணக்குப் போட்டால் படலத்தின் தடிமன் மைக்ரானில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே வருகிறது. நன்றாகப் பாலிஷ் செய்த ரேஸிலேயே அதைப்போல் சில மடங்கு மேடுபள்ளம் உண்டு. ஆக, கணக்குப்படி உலோகம் உலோகத்தோடு உரசியே ஆகவேண்டும். பல் தேய்ந்தே ஆகவேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடிய பற்சக்கரங்களில் இயந்திரம் கடைந்தபோது விழுந்த கோடுகள் அப்படியே இருந்தன. கணக்குக்கும் கண்ணுக்கும் இடையே இருந்த இந்தச் சண்டை 30 ஆண்டுகளுக்கு மேல் தீரவில்லை.

மார்ட்டின் விட்டுவிட்டவை இரண்டு. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே அவர் காலத்துக்கு முன்பே அளக்கப்பட்டுவிட்டவை. யாரும் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கவில்லை.

ஒன்று, எஃகு நசுங்கும். பெர்லினில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் தன் 23ஆவது வயதில், 1881இல், வளைந்த இரண்டு பொருள்களை அழுத்தினால் அவை எவ்வளவு தட்டையாகும் என்று கணக்கிட்டார். பின்னாளில் ரேடியோ அலைகளைக் கண்டு காட்டிய அதே ஹெர்ட்ஸ். அவருடைய அக்கறை பேரிங் அல்ல, கண்ணாடி வில்லைகள். இரண்டு வில்லைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் நடுவில் வண்ண வளையங்கள் தெரியும். வில்லைகளை அழுத்துவதால் அந்த வளையங்கள் மாறுமா என்ற கேள்வியில் தொடங்கியது அது. முன்பு சொன்ன நீள்வட்டத்தின் அளவும் 15,000 வளிமண்டலமும் அவருடைய சூத்திரத்தில் வருபவைதான்.

இரண்டு, அழுத்தினால் எண்ணெய் கெட்டிப்படும். அமெரிக்க இயற்பியலர் கார்ல் பாரஸ் 1893இல் கப்பல் வேலைக்குப் பயன்படும் ஒரு பிசினை அழுத்தி, அழுத்தம் ஏற ஏறப் பாகுநிலை கூடுவதை அளந்தார். பிறகு வந்தவர்கள் இதை அடுக்குக்குறி விதியாக எழுதினார்கள். சாதாரணக் கனிம எண்ணெய்க்குத் தோராயமாக, 1,000 வளிமண்டலத்தில் பாகுநிலை 7 மடங்காகும். 5,000இல் 20,000 மடங்கு. 15,000இல் விதியே செல்லுபடியாகாது. அங்கே எண்ணெய் திரவமாக ஓடுவதை நிறுத்திக் கிட்டத்தட்டக் கண்ணாடி போன்ற திண்மமாகிவிடுகிறது.

எஃகு நசுங்குவதை மட்டும் கணக்கில் சேர்த்தால் படலம் கொஞ்சம் தடிக்கும். எண்ணெய் கெட்டியாவதை மட்டும் சேர்த்தாலும் கொஞ்சம் தடிக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் கதை மாறுகிறது. சோவியத் நாட்டில் எர்ட்டெல் இதைப் பிடித்தார். 1949இல் கிருபினின் பெயரில் வெளியான ஆய்வு அதை உலகறியச் செய்தது. அவர்கள் யோசித்த விதம் அழகானது. குண்டு நசுங்கி உண்டாகும் தட்டையான நீள்வட்டத்துக்குள் எண்ணெய் எப்படி நடந்துகொள்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே, அதன் வாசலைப் பார் என்றார்கள். உருளும் இரண்டு பரப்புகளும் எண்ணெயை ஒட்டி இழுத்துக்கொண்டு வருகின்றன. வாசலில் இடைவெளி ஒடுங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, ஏறிய அழுத்தத்தால் எண்ணெய் கெட்டியாகிறது. கெட்டியான எண்ணெய் திரும்பிப் போக முடியாமல் உள்ளே அகப்படுகிறது. உள்ளே போய்விட்டால் பக்கவாட்டில் பிதுங்கவும் நேரம் கிடையாது. நம் 6205இல் அந்த 0.16 மில்லிமீட்டரைக் கடக்க எண்ணெய்க்கு ஆவது ஏறக்குறைய 60 மைக்ரோ வினாடி. அதற்குள் அது திரவமாக நுழைந்து, கெட்டியாகி, மறுபடி திரவமாகி வெளியே வந்துவிடுகிறது. எண்ணெயைப் பிதுக்கித் துரத்தும் என்று நாம் பயந்த அதே அழுத்தம்தான் அதைப் பிடித்தும் வைக்கிறது.

கணிப்பொறி வந்தபின் இங்கிலாந்தின் டங்கன் டௌசனும் கோர்டன் ஹிக்கின்சனும் 1959இல் முழுக் கணக்கையும் எண்வழியில் தீர்த்தார்கள். வடிவத்திலிருந்து அழுத்தத்தைத் தேடாமல், அழுத்தத்தை ஊகித்துக்கொண்டு அதற்கு எந்த வடிவம் பொருந்தும் என்று பின்னிருந்து வந்தார்கள். 1970களில் ஹேம்ராக், டௌசனுடன் சேர்ந்து நீள்வட்டத் தொடுகைகளுக்கும் சூத்திரம் தந்தார். பேரிங் வடிவமைப்பவர்கள் இன்றும் கையாள்வது அதைத்தான். அதில் மூன்று அடுக்குகளைப் பார்த்தால் போதும். வேகத்துக்கும் எண்ணெயின் பாகுநிலைக்கும் 0.67. சுமைக்கு, குறை 0.067.

என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே குறும்பான எண் இந்த 0.067தான். சுமையை இரட்டிப்பாக்கினால் படலம் குறைவது நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை. வேகத்தை இரட்டிப்பாக்கினாலோ நூற்றுக்கு 60 பங்கு தடிக்கிறது. ஓவர்லோடு கொடுத்தால் எண்ணெய் தாங்காது என்று பட்டறையில் சொல்வது இந்த விஷயத்தில் சரியில்லை. சுமை எஃகைக் களைப்படையச் செய்யும், பேரிங்கின் ஆயுளைக் கடுமையாகக் குறைக்கும். அது வேறு கணக்கு. படலத்தை மெலியவைப்பது சூடும் மந்த வேகமும். சுமை கூடினால் தொடும் இடம் விரிந்துகொள்கிறது; வாசலின் நிலவரம் பெரிதாக மாறுவதில்லை. உள்ளே போகும் எண்ணெயின் அளவை வாசல்தானே தீர்மானிக்கிறது?

70 டிகிரி சூட்டில், சாதாரணக் கிரீஸின் எண்ணெயோடு, நம் பேரிங்குக்குச் சூத்திரம் தரும் விடை 0.28 மைக்ரான். மார்ட்டின் கணக்கைப்போல் 30 மடங்குக்கு மேல். ரேஸின் மேடுபள்ளத்தைவிடச் சில மடங்கு உயரம். நீல ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது.

கடைசியாகச் சொன்ன ஒப்பீட்டுக்குக் காரணம் உண்டு. 1963இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கோஹரும் கேமரனும் எஃகுக் குண்டு ஒன்றைக் கண்ணாடியின் மேல் அழுத்தி, நடுவில் எண்ணெய் விட்டு உருட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க படலம் என்பதால் வண்ணப் பட்டைகள் தெரிந்தன. ஒவ்வொரு வண்ணமும் ஒரு தடிமன். நடுவில் விரிந்த ஒரே வண்ணம், அதாவது சமமான தடிமன். வெளியேறும் பக்கத்திலும் ஓரங்களிலும் குதிரை லாடம்போல் ஒரு ஒடுக்கம். சூத்திரங்கள் சொன்னதும் இதையேதான். ஹெர்ட்ஸை நசுங்கல் கணக்கின் பக்கம் தள்ளிவிட்ட அதே வண்ண வளையங்கள் 80 ஆண்டு கழித்து அவர் கணக்கில் இல்லாத எண்ணெயைக் காட்டிக்கொடுத்தன.

இதுவரை தடிமன். உராய்வு வேறு இடத்தில் பிறக்கிறது. தடிமனைத் தீர்மானிப்பது வாசல் என்றால், வழுக்கலின் உராய்வைத் தீர்மானிப்பது நடு. கெட்டிப்பட்ட எண்ணெயின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போனால் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினால் அந்தக் கெட்டி எண்ணெய் அறுபட வேண்டும். அது தேன்போல் மெல்ல இழுபடாது. ஓர் அளவு வரை விறைத்து நின்றுவிட்டு, பிறகு உலோகம் இளகுவதைப்போல் இளகிக்கொடுக்கும். அந்த நிலையில் உராய்வுக் குணகம் கனிம எண்ணெயில் சுமார் 0.05. பேரிங் முழுவதற்கும் நாம் சொன்ன 0.0015ஐப்போல் 30 மடங்குக்கு மேல்.

அப்படியானால் மொத்தம் எப்படி இவ்வளவு குறைந்தது? வழுக்கல் கொஞ்சம்தான் என்பதால். ஆனால் அந்தக் கொஞ்சத்தைத் தவிர்க்கவே முடியாது. ஹீத்கோட் 1921இல் காட்டியது இது: குண்டு உட்கார்ந்திருப்பது தட்டையான தரையில் அல்ல, அதன் வளைவுக்கு ஏறக்குறைய ஒத்த பள்ளத்தில். பள்ளத்தின் அடியில் தொடும் புள்ளியும், ஓரத்தில் சற்று மேலே தொடும் புள்ளியும் சுழலும் அச்சிலிருந்து வெவ்வேறு தொலைவில் உள்ளன. எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் வழுக்காமல் உருள வழியே இல்லை. நடுவில் ஒரு பக்கமாகவும் ஓரங்களில் எதிர்ப்பக்கமாகவும் மைக்ரான் கணக்கில் வழுக்குகிறது. சரியாக உருள்வது இரண்டு மெல்லிய கோடுகளில் மட்டும். பள்ளத்தை அகலமாக்கினால் வழுக்கல் குறையும், ஆனால் தொடும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். பள்ளத்தின் ஆரம் குண்டின் விட்டத்தில் 0.52 மடங்கு என்ற வழக்கமான அளவு இந்தப் பேரத்தில் பிறந்தது.

கெட்டி எண்ணெயின் இந்த முரட்டுப் பிடிவாதத்தை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு. நிஸான் 1999இல் ஜப்பானில் செட்ரிக், குளோரியா கார்களில் எக்ஸ்ட்ராய்டு என்ற கியர்பாக்ஸை வைத்தது. அதில் வேக விகிதத்தை மாற்றும் பகுதியில் பல்லே கிடையாது. வழவழப்பான எஃகுத் தட்டுகளும் உருளைகளும் ஒன்றையொன்று தொடாமல், நடுவிலுள்ள எண்ணெயின் விறைப்பின் வழியாக இன்ஜினின் முறுக்கு விசையைக் கடத்தின. எண்ணெய் வழுக்குவதற்குத்தான் என்ற நம் எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பேரிங்குக்கு வருவோம். அந்த 2 வாட்டில் நடுவில் நடக்கும் வழுக்கல் ஒரு பங்கு. வாசலில் எண்ணெயை உள்ளே இழுக்கவும், நுழைய இடமில்லாமல் திரும்பும் எண்ணெயோடு மல்லுக்கட்டவும் ஒரு பங்கு. எஃகு நசுங்கி நிமிர்வதில் வீணாவது மிகச் சொற்பம். இவை போக, குண்டுகளை இடைவெளியோடு பிடித்திருக்கும் கேஜ் உரசுவது தனி. இருபுறமும் ரப்பர் சீல் போட்ட பேரிங்கானால் மேற்சொன்ன அத்தனையையும் அந்த சீலின் உதடு ஒன்றே மிஞ்சிவிடலாம். புதுப் பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் கனமாகத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். இன்னொன்று கிரீஸைக் கடைவது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது அங்கே.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. லித்தியம் சோப்பு போன்ற ஒரு நார்ப்பொருள் சாதாரண எண்ணெயைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது, தேங்காய்த் துருவல் பாலைப் பிடித்து வைத்திருப்பதைப்போல. ஓட ஆரம்பித்ததும் குண்டுகள் பெரும்பகுதிக் கிரீஸை ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. அது அங்கேயே தங்கி, துளித்துளியாக எண்ணெயைக் கசியவிடுவதுதான் அதன் வேலை. ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். ஆகவே உள்ளே உள்ள வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிரப்பினால் போதும் என்பது வழக்கு. கிரீஸ் கன்னை வைத்து வெளியே வழியும் வரை அடித்தால் ஒதுங்க வழியில்லாமல் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும். பேரிங் சூடாகும், சூட்டில் எண்ணெய் இளகும், படலம் மெலியும். கிரீஸ் அதிகமானதால் மசகு குறைகிறது. சூடாகிறதே என்று மறுபடியும் கிரீஸ் அடிப்பவர்களை என்ன சொல்ல.

கிரீஸ் பேரிங்கில் இன்னொரு நெருக்கடி, நேரம். நம் 6205இல் வெளி ரேஸின் ஒரே இடத்தை வினாடிக்கு ஏறக்குறைய 170 குண்டுகள் கடக்கின்றன, 6 மில்லி வினாடிக்கு ஒன்று. ஒரு குண்டு ஒதுக்கிய எண்ணெய் அடுத்த குண்டு வருவதற்குள் பாதைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வாசலில் எண்ணெய் போதாது; சூத்திரம் தரும் தடிமனில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். அப்போது வேகத்தைக் கூட்டினால் படலம் தடிப்பதற்குப் பதில் மெலியும், திரும்பும் நேரம் இன்னும் குறைவதால். கெட்டியான எண்ணெயும் இங்கே பாதகம், அது மெதுவாகத்தான் ஊர்ந்து வரும். 0.67 என்ற அடுக்கு வாசல் நிறைந்திருக்கும் வரைதான்.

0.28 மைக்ரான் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தூசியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல்துகள்கூடச் சில மைக்ரான் இருக்கும். வாசலில் நுழையும் துகள் படலத்தைப்போல் பத்து மடங்கு. கெட்டித் துகளானால் இரண்டு பரப்பிலும் குழி போட்டுவிட்டுப் போகும். குழியின் விளிம்பு மேடாகப் பிதுங்கி நிற்கும். பிறகு வரும் ஒவ்வொரு குண்டும் அந்த மேட்டில் எஃகோடு எஃகு மோதும், விரிசல் அங்கே தொடங்கும். பேரிங்கைத் தரையில் வைத்துக் கழுவி, அழுக்குத் துணியால் துடைத்து மாட்டும்போது, அதன் ஆயுளில் பாதியை மாட்டுவதற்கு முன்பே செலவழித்துவிட வாய்ப்புண்டு.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. வேகத்தை மாற்ற இன்வர்ட்டர் டிரைவ் போட்ட மோட்டார்களிலும், மின்சாரக் கார்களின் மோட்டார்களிலும், ஷாஃப்ட்டில் சில வோல்ட் மின்னழுத்தம் சேர்கிறது. கால் மைக்ரான் எண்ணெய்ப் படலம் நல்ல மின்காப்பு என்றாலும், அந்தத் தடிமனில் சில வோல்ட்டே அதைக் கிழிக்கப் போதும். ஒவ்வொரு கிழிசலிலும் ஒரு நுண்ணிய பொறி, ரேஸில் ஒரு நுண்ணிய உருகல். லட்சக்கணக்கில் சேரும்போது துணி துவைக்கும் பலகைபோல் ரேஸில் வரிவரியாகப் பள்ளம் விழுகிறது, மோட்டார் உறுமத் தொடங்குகிறது. மின்சாரம் புகாத சிலிக்கான் நைட்ரைடு குண்டுகளைப் போட்டால் இது நிற்கும். எஃகின் எடையில் பாதிக்கும் குறைவு என்பதால் அதிவேகத்தில் குண்டுகள் வெளி ரேஸை நெருக்குவதும் குறையும். விலைதான் இடிக்கிறது. இதற்கிடையே, கடைவதில் வீணாகும் வாட்டைக் குறைத்து ஒரு சார்ஜில் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டவேண்டும் என்று கார் நிறுவனங்கள் இளகிய எண்ணெய்களை நோக்கிப் போகின்றன. எண்ணெய் இளகினால் 0.67 அடுக்கில் படலமும் மெலியும். அதை ஈடுகட்ட ரேஸை இன்னும் நுட்பமாகப் பாலிஷ் செய்ய வேண்டும், எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கும் ரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். மிச்சம் பிடித்த வாட்டில் ஒரு பகுதி அந்தச் செலவுக்கே போய்விடுகிறது.